முதல் கேமரா: கேனனா, நிக்கானா, சோனியா? மும்பை வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேமரா பற்றி மும்பை வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில். விலை எதையும் குறிப்பிடவில்லை. கணபதிக்கு ஒரு விலை, தீபாவளிக்கு ஒரு விலை என்று மாறிக்கொண்டே இருக்கும் சரக்கு இது.

கேள்வி: மாட்டுங்காவில் ஒன் ரூம் கிச்சன் வீடு. எழுபதாயிரத்துக்குள் முதல் கேமரா வாங்கலாம் என்றிருக்கிறேன். கடைக்காரர் கேனன் ஆர்50 என்கிறார். அத்திம்பேர் நிக்கான் இசட்30 என்கிறார். பையனோ சோனி இசட்வி-இ10 தவிர வேறு பேச்சே இல்லை என்கிறான். வீட்டு விசேஷம், கோயில் உற்சவம், பெண்ணின் நடனம், இவ்வளவுதான் தேவை. எதை வாங்குவது?
– வாசகி, மாட்டுங்கா

பதில்: மூன்றிலும் இருப்பது ஏபிஎஸ்-சி அளவு சென்சார்தான் (சென்சார் என்பது ஒளியைப் படமாக்கும் சில்லு, ஏபிஎஸ்-சி அதன் அளவின் பெயர்). கேனனிலும் சோனியிலும் 24.2 மெகாபிக்சல், நிக்கானில் 20.9. பகல் வெளிச்சத்தில் மூன்றிலும் ஒரே காட்சியை எடுத்து ஏ4 தாளில் பிரின்ட் போட்டு வைத்தால், எது எந்த கம்பெனி என்று விற்கிற கடைக்காரராலேயே சொல்ல முடியாது. ஆகவே "எதில் படம் நன்றாக வரும்" என்ற கேள்வியை விட்டுவிடலாம். வித்தியாசம் இருப்பது வேறு இடங்களில்.

முதலாவது வியூஃபைண்டர். மூன்றில் ஆர்50-க்கு மட்டுமே கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் உண்டு. மற்ற இரண்டும் வீடியோக்காரர்களை மனதில் வைத்துச் செய்தவை, பின்பக்கத் திரையைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். உச்சி வெயிலில் சுவாமி புறப்பாடு எடுக்கிறீர்கள் என்றால் அந்தத் திரையில் உங்கள் முகம்தான் தெரியும். கண்ணோடு ஒட்டி வைத்துப் பிடிக்கும்போது கை நடுக்கமும் குறையும். ஆர்50-ல் சின்னதாக ஒரு ஃப்ளாஷும் உள்ளேயே இருக்கிறது, மற்ற இரண்டில் இல்லை.

இரண்டாவது, கேமராவோடு சேர்த்துத் தருகிற கிட் லென்ஸின் அகலம். இதைக் கடையில் யாரும் சொல்வதில்லை. சின்ன வீட்டில் இருப்பவர்களுக்கு இதுதான் முக்கியம். கேனனோடு வருவது 18-45 மி.மீ., நிக்கானோடும் சோனியோடும் வருவது 16-50 மி.மீ. (முதல் எண் சிறிதானால் காட்சி அகலம்). கேனனின் சென்சார் அகலமும் ஒரு மில்லிமீட்டர் சொச்சம் குறைவு. கணக்குப் போட்டால், பத்து அடி தள்ளி நின்று எடுக்கும்போது நிக்கானிலும் சோனியிலும் ஏறக்குறைய பதினாலரை அடி அகலம் படத்தில் அடங்கும். கேனனில் பன்னிரண்டரை அடிக்குள்தான். அந்த இரண்டு அடி என்பது குரூப் போட்டோவில் ஓரத்தில் நிற்கிற ஒரு மனிதர். ஹாலில் பின்னால் போக இடமில்லாத வீட்டில், சமையலறை வாசலில் நின்று எடுக்க வேண்டியிருக்கும்.

மூன்றாவது, அடுத்து வாங்கப்போகிற லென்ஸ். நீங்கள் வாங்குவது பாடியை (லென்ஸ் இல்லாத கேமராவை) மட்டும் அல்ல, லென்ஸைப் பூட்டும் வளையமான மவுன்ட்டையும் சேர்த்துத்தான். சோனி இ மவுன்ட் 2010-லிருந்து இருப்பதால் சிக்மா, டாம்ரான் போன்ற வேறு கம்பெனி லென்ஸ்களும் பழைய லென்ஸ்களும் அதற்குத்தான் அதிகம் கிடைக்கும். கேனன் ஆர்எஃப் மவுன்ட்டில் ஆட்டோஃபோகஸ் (தானாக ஃபோகஸ் செய்யும்) லென்ஸ் செய்ய வேறு கம்பெனிகளுக்குக் கதவு திறந்ததே 2024-ல்தான். அதன் பிறகு சிக்மாவின் 18-50 மி.மீ. எஃப்/2.8 போன்றவை வந்துவிட்டன (எஃப் எண் லென்ஸ் துவாரத்தின் அளவு, எண் சிறிதானால் ஒளி அதிகம்). பழைய கேனன் ஈஎஃப் லென்ஸ்களை அடாப்டர் போட்டு முழு ஆட்டோஃபோகஸோடு பயன்படுத்தலாம். நிக்கான் இசட் மவுன்ட்டில் ஏபிஎஸ்-சிக்கான லென்ஸ் குறைவாக இருந்தாலும், இருப்பவை நல்லவை.

உங்கள் தேவைக்கு ஆர்50 பொருந்தும். வியூஃபைண்டருக்காக. அகலக் குறையைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். பட்ஜெட்டில் முழுத் தொகையையும் கேமராவில் கொட்டாமல், ஆர்எஃப் 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸுக்கு ஒதுக்கி வையுங்கள். ஏன் என்பது சயான் வாசகரின் கேள்விக்கான பதிலில் வருகிறது. அத்திம்பேரிடம் நிக்கான் இசட் லென்ஸ்கள் ஏற்கெனவே இருந்து, அவர் இரவல் தருகிற மனமும் உள்ளவர் என்றால் மட்டும் தீர்ப்பை மாற்றிக்கொள்ளலாம்.

கேள்வி: என் போனில் 50 மெகாபிக்சல். 20.9 மெகாபிக்சல் கேமராவுக்கு ஏன் இவ்வளவு விலை?
– வாசகர், முலுண்ட்

பதில்: ஏபிஎஸ்-சி சென்சாரின் அளவு ஏறக்குறைய 23.5 × 15.6 மி.மீ. போனில் இருப்பது பெரும்பாலும் விரல் நகத்தில் பாதிகூட வராது. எண்ணிக்கை அதிகமிருந்தாலும் ஒவ்வொரு பிக்சலுக்கும் விழும் ஒளி குறைவு. பகலில் போனே போதும், உண்மையாகவே போதும். இரவிலும், தூரத்திலும், ஓடுகிற பிள்ளைகளை எடுக்கும்போதும்தான் கேமராவின் காசு தெரியும். 20-க்கும் 24-க்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்கிலேயே எடுக்க வேண்டாம்.

கேள்வி: சண்முகானந்தா ஹாலில் மகளின் நடன நிகழ்ச்சி. முன்பு கிட் லென்ஸில் எடுத்தபோது எல்லாப் படமும் ஒன்று கலங்கியிருந்தது அல்லது மணல் தூவியதுபோல் இருந்தது. சில படங்களில் குறுக்கே கறுப்புப் பட்டை. கேமராவை மாற்றினால் சரியாகுமா?
– வாசகர், சயான்

பதில்: ஆகாது. மாற்ற வேண்டியது லென்ஸை.

கிட் லென்ஸை ஜூம் செய்து 45 மி.மீ.க்குக் கொண்டுபோனால் அதன் துவாரம் எஃப்/6.3-க்கு மேல் திறக்காது. 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ் அதைவிட 12 மடங்கு ஒளியை உள்ளே விடும். அதாவது கிட் லென்ஸில் ஐஎஸ்ஓ (ஒளிக்கான உணர்திறன்) 12800 வைத்து மணல் தூவிய படம் எடுத்த அதே இடத்தில், அதே ஷட்டர் வேகத்தில், ஐஎஸ்ஓ 1000 போதும். எந்தக் கம்பெனி பாடிக்கு மாறினாலும் இந்த 12 மடங்கு கிடைக்காது. லென்ஸில் உள்ள ஸ்டெபிலைசர் உங்கள் கை நடுக்கத்தைத்தான் தடுக்கும், ஆடுகிறவரின் கையை நிறுத்தாது. அதனால் எஃப்/1.8 லென்ஸில் ஸ்டெபிலைசர் இல்லையே என்ற கவலை நடனத்துக்கு வேண்டாம்.

செட்டிங் இப்படி வையுங்கள். மேனுவல் மோடு, துவாரம் எஃப்/2 அல்லது எஃப்/2.2 (முழுக்கத் திறந்து 1.8-ல் வைத்தால் மூக்கு ஃபோகஸாகிக் காது கலங்கும்). அடவு வேகமாக இருக்கும்போது ஷட்டர் 1/500 நொடி, அபிநயத்துக்கு 1/200 போதும். ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விட்டு, மேல் வரம்பை 6400-ல் கட்டிவிடுங்கள். மேடையின் பின்திரை கறுப்பாக இருந்தால் கேமரா ஏமாந்து முகத்தை வெளிறடித்துவிடும், எனவே படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை -0.7 அல்லது -1-ல் வையுங்கள். மேடை விளக்கு நிறம் மாறிக்கொண்டே இருந்தால் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் ஒவ்வொரு படத்துக்கும் ஒவ்வொரு நிறம் தரும். ரா கோப்பாக (கேமரா திருத்தாத மூலக் கோப்பாக) எடுத்துப் பிறகு சரிசெய்வது நிம்மதி.

கறுப்புப் பட்டைக்குக் காரணம் வேறு. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்குகள் நொடிக்கு 100 தடவை மங்கி ஒளிரும். ஷட்டர் அதைவிட வேகமானால், மங்குகிற கணம் படத்தில் பட்டையாக விழும். மெனுவில் ஆன்டி-ஃப்ளிக்கர் என்றொரு வசதி இருந்தால் ஆன் செய்யுங்கள், வெளிச்சம் உச்சத்தில் இருக்கும் கணத்துக்காகக் கேமரா காத்திருந்து எடுக்கும். இன்னொன்று: சபையில் சத்தம் கேட்கக்கூடாது என்று சைலன்ட் ஷட்டர் போட்டிருந்தீர்களா? அது எலக்ட்ரானிக் ஷட்டர். சென்சாரை வரிவரியாகப் படிப்பதால் எல்இடி மேடை விளக்கில் பட்டை இன்னும் மோசமாகும், ஆன்டி-ஃப்ளிக்கரும் உதவாது. மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாற்றுங்கள். டக் டக் என்று சத்தம் வரும், மிருதங்கம் வாசிக்கும் இடமாகப் பார்த்து அழுத்துங்கள். ஃப்ளாஷ் கூடவே கூடாது. எடுப்பதற்கு முன் சபாவிடமும் குருவிடமும் அனுமதி வாங்கிவிடுங்கள்.

எங்கே உட்காருவது என்பதும் முக்கியம். ஏபிஎஸ்-சி கேமராவில் 50 மி.மீ. லென்ஸில் ஆள் முழு உயரத்துக்கு அடங்க ஏழெட்டு மீட்டர் தூரம் போதும். அதற்கும் பின் வரிசை என்றால் 85 மி.மீ. எஃப்/1.8 வேண்டும். பால்கனியிலிருந்து எடுக்க நுழைவு நிலைக் கேமராவும் கிட் லென்ஸும் போதவே போதாது.

கேள்வி: சமையல் வீடியோ சேனல் தொடங்க ஆசை. கிச்சன் ஆறுக்கு எட்டு அடி. எந்த கேமரா?
– வாசகி, செம்பூர்

பதில்: உங்களுக்குச் சோனி இசட்வி-இ10. வியூஃபைண்டர் இல்லாதது உங்களுக்கு ஒரு குறையே அல்ல. 16 மி.மீ. அகலம் அந்த அறையில் கைகொடுக்கும். மைக் ஜாக், ஹெட்போன் ஜாக் இரண்டும் உண்டு. ஆர்50-ல் மைக் ஜாக் மட்டும்தான். எடுக்கும்போதே காதில் கேட்டுப் பார்க்க முடியாததால், இடையில் புகுந்த சத்தத்தை எடிட் செய்ய உட்காரும்போதுதான் கண்டுபிடிப்பீர்கள். புராடக்ட் ஷோகேஸ் என்ற பட்டனை அழுத்தினால், கரண்டியை லென்ஸ் முன் நீட்டும்போது ஃபோகஸ் முகத்தை விட்டுக் கரண்டிக்குத் தாவும். கேனனிலும் இதே வேலைக்கு ஒரு மோடு உண்டு.

வாங்கியவுடன் செய்ய வேண்டியவை: மெனுவில் பால் (PAL) அல்லது என்டிஎஸ்சி (NTSC) என்று வீடியோ முறையைக் கேட்கும், PAL தேர்ந்தெடுத்து 25 ஃபிரேமில், 1/50 ஷட்டரில் எடுங்கள். டியூப்லைட் துடிப்பு வராது. இதில் கூடுதல் லாபம் ஒன்று உண்டு. இந்தச் சோனி 4கே-யில் 30 ஃபிரேம் வைத்தால் ஓரங்களை வெட்டிக் காட்சியைக் குறுக்கிவிடும், 25-ல் வெட்டாது. அடுப்புச் சூட்டில் கேமரா தானாக அணைந்துபோவதாகப் பலர் புலம்புவார்கள். ஆட்டோ பவர் ஆஃப் டெம்பரேச்சர் என்ற இடத்தில் ஸ்டாண்டர்டை ஹை என்று மாற்றினால் பெரும்பாலும் தீரும். திரையைப் பாடியோடு ஒட்டி வைக்காமல் வெளியே திருப்பி வைத்தால் சூடு வெளியேறும்.

கேமராவை வாணலிக்கு நேர் மேலே தொங்கவிடாதீர்கள். தாளிக்கும்போது கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்த் திவலை மேலே ஏறி லென்ஸில் படியும். மூன்றடி தள்ளி, பக்கவாட்டில் சாய்த்து வையுங்கள். லென்ஸுக்கு முன்னால் ஒரு யுவி ஃபில்டர் அவசியம், இந்தச் சோனி கிட் லென்ஸுக்கு 40.5 மி.மீ. அளவு. கேனன் 18-45-க்கு 49, நிக்கான் 16-50-க்கு 46. அளவு சொல்லாமல் போய் நின்றால் கடையில் ஏதாவது ஒன்றைக் கட்டித் தருவார்கள்.

எக்ஸாஸ்ட் ஃபேனை அணைத்துவிட்டு எடுங்கள். கேமராவில் உள்ள மைக்குக்குக் குக்கர் விசிலும் நீங்களும் ஒன்றுதான். துப்பட்டாவில் செருகிக்கொள்ளும் வயர்லெஸ் மைக் ஒன்று, கேமராவைவிட அதிகமாக உங்கள் வீடியோவை மேம்படுத்தும்.

கேள்வி: மச்சானிடம் நிக்கான் டி90, அதோடு 18-105, 50 மி.மீ. 1.8டி லென்ஸ்கள் இருக்கின்றன. எனக்கே தருகிறார். புது நிக்கான் பாடி வாங்கினால் அந்த லென்ஸ்கள் ஓடுமா?
– வாசகர், டோம்பிவிலி

பதில்: இசட் மவுன்ட் பாடி வாங்கினால் எஃப்டிஇசட் அடாப்டர் தனியாக வாங்க வேண்டும். அதைப் போட்டால் 18-105 ஆட்டோஃபோகஸோடு, ஸ்டெபிலைசரோடு ஓடும், ஏனென்றால் அது ஏஎஃப்-எஸ் வகை, மோட்டார் லென்ஸுக்குள்ளேயே இருக்கிறது. 1.8டி லென்ஸை ஓட்டுவது கேமரா பாடிக்குள் இருக்கும் மோட்டார்தான். டி90-ல் அது உண்டு, எஃப்டிஇசட்டில் கிடையாது. கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். டி3500, டி5600 வாங்கினாலும் அதே கதைதான், அவற்றிலும் மோட்டார் இல்லை.

அவசரமில்லை என்றால் புதிது வாங்காமல் டி90-யிலேயே ஓராண்டு பழகுங்கள். 2008-ல் வந்த 12.3 மெகாபிக்சல் கேமராதான், ஆனால் பகலில் அருமையான படம் தரும். கையில் இருக்கிற 1.8டி லென்ஸும் அதில்தான் முழுதாக ஓடும்.

கேள்வி: கல்யாண போட்டோ எடுக்கிற அண்ணன் ஒருவரிடம் உதவிக்குப் போகிறேன். சொந்தமாக வாங்கச் சொல்கிறார். கேனன் 1500டி புதிது மலிவாகக் கிடைக்கிறது. ஆர்100 கொஞ்சம் கூட. எது நல்லது?
– வாசகர், தாராவி

பதில்: தொழிலுக்கு இரண்டுமே வேண்டாம் தம்பி. காரணம், மேலே ஃப்ளாஷ் செருகுகிற ஷூ. அதன் நடுவில் ஒரு வட்டமான தொடுமுனை இருக்க வேண்டும். 1500டி, 3000டி, 200டி-யின் இரண்டாம் பதிப்பு, ஆர்100, எதிலும் கேனன் அதை வைக்கவில்லை. கேனனின் சொந்த ஃப்ளாஷும் அதற்கேற்பச் செய்த சில ஃப்ளாஷ்களும் வேலை செய்யும். ஆனால் ஸ்டூடியோக்களில் புழங்குகிற சாதாரண மேனுவல் ஃப்ளாஷும், தள்ளி வைத்த ஃப்ளாஷை மின்னவைக்கும் ரேடியோ ட்ரிக்கரும் அதில் செருகினால் மின்னாது. மண்டபத்தில் அண்ணன் தன் ட்ரிக்கரைக் கையில் கொடுக்கும்போது உங்கள் கேமரா சும்மா நிற்கும். ஆர்50-லும் எச்சரிக்கை: அதன் ஷூ புது வகை, பழைய ஃப்ளாஷ் மாட்ட ஏடி-இ1 என்ற அடாப்டர் தேவை.

1500டி-யில் ஃபோகஸ் புள்ளிகள் மொத்தம் 9. ஆர்100-ல் திரை அசையாது, தொட்டாலும் கேட்காது. அந்தக் காசுக்குச் செகண்ட் ஹேண்டில் கேனன் 80டி பாருங்கள். 2016 மாடல், 24 மெகாபிக்சல், 45 ஃபோகஸ் புள்ளிகள், ஷூவில் நடு முனை உண்டு, அண்ணனிடம் உள்ள ஈஎஃப் லென்ஸ்கள் அப்படியே பொருந்தும். உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் வகைதான் வேண்டும் என்றால் ஆர்10. அதன் ஷூவில் பழைய ஃப்ளாஷும் செருகலாம்.

கேள்வி: ஃபோர்ட் போரா பஜாரில் வாங்கலாமா? ஏமாறாமல் வாங்க என்ன பார்க்க வேண்டும்?
– வாசகர், வடாலா

பதில்: தாராளமாக. சிஎஸ்எம்டி ரயில் நிலையத்தில் இறங்கி நடக்கிற தூரம்தான், கேமராவுக்கென்றே கடைகள் வரிசையாக இருக்கின்றன. ஒரே கடையில் மூன்று கம்பெனியையும் கையில் பிடித்துப் பார்க்கலாம், ஆன்லைனில் இது கிடைக்காது. சின்னக் கேமராக்களில் சுண்டுவிரலுக்கு இடமில்லாமல் கீழே தொங்கும், சிலருக்கு அது ஒரு மணி நேரத்தில் வலி கொடுக்கும். பிடித்துப் பார்த்தால்தான் தெரியும்.

முதலில் விலை கேட்கும்போதே "பக்கா பில்லோடு எவ்வளவு" என்று கேளுங்கள். கச்சா பில் (வரி சேராத துண்டுச் சீட்டு) என்றால் குறைத்துத் தருவார்கள், குறைகிற தொகை பெரும்பாலும் 18 சதவீத ஜிஎஸ்டிதான். கூடவே இந்திய வாரண்டியும் போய்விடும். வெளிநாட்டிலிருந்து வந்த சரக்குக்கு "கடை வாரண்டி" என்பார்கள், கம்பெனி சர்வீஸ் சென்டரில் அது செல்லாது. பெட்டியில் எம்ஆர்பி ஸ்டிக்கரும் இறக்குமதியாளர் முகவரியும் இருக்கிறதா பாருங்கள். பாடியின் அடிப்பக்கத்தில் உள்ள சீரியல் எண், பெட்டியில் உள்ளது, பில்லில் எழுதியது மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். கிட்டை உடைத்து விற்கிற பழக்கமும் உண்டு: லென்ஸை ஒருவருக்கு, பாடியை இன்னொருவருக்கு. லென்ஸ் வெள்ளைப் பெட்டியில் வந்தால் அதுதான். பொருள் ஒரிஜினலாகவே இருக்கலாம், வாரண்டியை மட்டும் கேட்டு எழுதி வாங்குங்கள். பேட்டரியும் சார்ஜரும் டூப்ளிகேட்டாக மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

செகண்ட் ஹேண்ட் என்றால் போன் டார்ச்சும் ஒரு மெமரி கார்டும் கொண்டுபோங்கள். லென்ஸைக் கழற்றி, முழுத் துவாரம் திறந்திருக்கும்படி, பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து முன்பக்கம் சாய்வாகப் பாருங்கள். இரண்டு மூன்று தூசித் துகள் எல்லா லென்ஸிலும் இருக்கும், அது பரவாயில்லை. சிலந்தி வலை போல நூல் நூலாகக் கிளை பிரிந்து தெரிந்தால் பூஞ்சை, எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். அடுத்து துவாரத்தை எஃப்/16-ல் வைத்து, ஃபோகஸைக் கலைத்து, வெள்ளைச் சுவரை எடுங்கள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் சென்சாரில் உள்ள தூசு கறுப்புப் புள்ளியாகத் தெரியும். ஊதினால் போகும் தூசு வேறு, ஒரே இடத்தில் கோடாக நிற்கும் கீறல் வேறு. பிறகு லென்ஸ் மூடியைப் போட்டு ஐஎஸ்ஓ 1600-ல் சில நொடி எக்ஸ்போஷர்: சிவப்பு, நீலப் புள்ளிகள் கொத்துக் கொத்தாக வந்தால் சென்சாருக்கு வயதாகிவிட்டது. மவுன்ட் வளையத்தின் திருகாணித் தலைகள் மழுங்கியிருந்தால் யாரோ பிரித்திருக்கிறார்கள்.

எத்தனை படம் எடுத்த கேமரா என்று நிக்கானில் சுலபமாகக் கண்டுபிடிக்கலாம். ஒரு படம் எடுத்து அதைத் திருத்தாமல் அப்படியே ஷட்டர் கவுன்ட் காட்டும் தளத்தில் ஏற்றினால் எண்ணிக்கை வரும். கேனனில் பெரும்பாலும் படத்துக்குள் அந்த எண் எழுதப்படுவதில்லை, கடைக்காரர் சொல்வதை நம்பாமல் பாடியின் ரப்பர் தேய்மானத்தைப் பாருங்கள்.

கேள்வி: மழைக்காலம் முடிந்து பீரோவிலிருந்து எடுத்தால் லென்ஸுக்குள் வெள்ளையாகப் படிந்திருக்கிறது. தோல் உறையில் போட்டு, அரிசி மூட்டைக்குள்கூட வைத்துப் பார்த்தேன்.
– வாசகர், காட்கோபர்

பதில்: தோல் உறைதான் முதல் எதிரி. தோலும் துணியும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அரிசி ஈரத்தைப் போதுமான அளவு உறிஞ்சாது, மாவுத் தூசியை மட்டும் ஜூம் வளையத்துக்குள் தள்ளும். அந்துருண்டையையும் போட்டுவிடாதீர்கள், அதன் ஆவி கண்ணாடியில் படியும்.

காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் இருந்தால் பூஞ்சை வளரத் தொடங்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பையில் பெரும்பாலும் அதைவிட அதிகமாகவே இருக்கும். கேமராவை வைக்கும் இடத்தில் 40 முதல் 50 வரை இருக்க வேண்டும். 30-க்குக் கீழே போனால் ரப்பரும் மசகும் காயும், அதுவும் ஆகாது.

மலிவான வழி: ரப்பர் விளிம்பும் கிளிப்பும் உள்ள பத்து லிட்டர் பிளாஸ்டிக் டப்பா. அதில் 200 முதல் 250 கிராம் சிலிக்கா ஜெல்லைத் துணிப்பையில் கட்டிப் போடுங்கள். உள்ளே ஈரப்பதம் காட்டும் ஒரு சின்ன டிஜிட்டல் ஹைக்ரோமீட்டர். எண் 55-ஐத் தாண்டினால் ஜெல்லைக் காய வைக்க வேண்டும். நீலம் இளஞ்சிவப்பாகவோ, ஆரஞ்சு பச்சையாகவோ மாறினாலும் அதே அர்த்தம். தட்டில் பரப்பி ஓவனில் 120 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்தால் பழைய நிறம் திரும்பும். ஆறிய பிறகுதான் டப்பாவில் போட வேண்டும். மழைக்காலத்தில் டப்பாவைத் தினம் திறந்து மூடினால் வாரம் ஒருமுறை இந்த வேலை இருக்கும். மூன்று நான்கு லென்ஸ் சேர்ந்துவிட்டால் மின்சார டிரை கேபினட் வாங்கிவிடுவது நல்லது, மின்சாரம் மிகக் குறைவாகத்தான் இழுக்கும்.

ஏசி அறையிலிருந்தோ ஏசி லோக்கலிலிருந்தோ வெளியே வந்தவுடன் கேமராவை எடுத்தால் கண்ணாடியில் பனி பூக்கும். ஜிப் கவருக்குள் வைத்து மூடி, பையிலேயே இருபது நிமிடம் விட்டு வெளி வெப்பத்துக்கு வந்த பிறகு எடுங்கள். பூத்தபின் லென்ஸைக் கழற்றவே கூடாது.

இப்போது படிந்திருப்பதைப் பழுதுபார்ப்பவரிடம் பிரித்துத் துடைக்கக் கொடுக்கலாம். ஆனால் பூஞ்சை சுரக்கும் அமிலம் கோட்டிங்கை அரித்திருந்தால் தடம் போகாது. கிட் லென்ஸ் என்றால் துடைக்கும் கூலிக்குச் செகண்ட் ஹேண்டில் வேறொன்றே வந்துவிடலாம். அதுவரை அதை மற்ற லென்ஸ்களோடு ஒரே டப்பாவில் வைக்காதீர்கள்.

கேள்வி: சிவ்ரியில் பூநாரை (ஃபிளமிங்கோ) எடுக்க 55-210 மி.மீ. லென்ஸ் போதுமா?
– வாசகர், பன்வேல்

பதில்: கூட்டமாக எடுக்கப் போதும், தனிப் பறவைக்குப் போதாது. நூறு மீட்டர் தூரத்தில் நிற்கும் ஒரு மீட்டர் உயரப் பறவை, 250 மி.மீ. லென்ஸில்கூட சென்சாரில் இரண்டரை மில்லிமீட்டர்தான் விழும், அதாவது படத்தின் உயரத்தில் ஆறில் ஒரு பங்கு. ஐம்பது மீட்டருக்கு வந்தால் மூன்றில் ஒரு பங்கு. ஆகவே லென்ஸைவிடக் கடல்தான் முக்கியம். ஓதத்தில் நீர் ஏறும்போது பறவைகள் சேற்றுத் திட்டில் கரைப்பக்கம் ஒதுங்கும், நீர் முழுக்க ஏறிவிட்டால் பறந்துபோகும், வடிந்துவிட்டால் கண்ணுக்கெட்டாத் தூரத்தில் மேயும். அன்றைய ஓத நேரம் பார்த்து, உச்சத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னதாகப் போய் நில்லுங்கள். நவம்பர் முதல் மே வரை பருவம். அடல் சேது கடல் பாலம் அங்கிருந்துதான் கிளம்புகிறது, அதனால் சூழல் முன்போல் இல்லை. சிவ்ரி கைவிட்டால் ஐரோலி பக்கம் தாணே கழிமுகச் சரணாலயத்தில் படகிலிருந்து எடுக்கலாம்.

பறக்கும்போது எடுக்க ஷட்டர் 1/1600. பறவையைத் தானாகப் பிடிக்கும் ஃபோகஸ் ஆர்50-லும் நிக்கான் இசட்50-ன் இரண்டாம் பதிப்பிலும் உண்டு, இசட்30-ல் ஆள், நாய், பூனை மட்டும்தான். ஆனால் ஆர்50-ல் ரா கோப்பாகத் தொடர்ந்து அழுத்தினால் ஒரு நொடிக்குள் மூச்சு வாங்கும், ஜேபெக்கில் எடுங்கள். பறவைதான் குறி என்றால் அந்த நிக்கானும் 50-250 லென்ஸும் நல்ல ஜோடி. பட்ஜெட் கூட்ட முடிந்தால் சோனி பாடியில் 70-350.

கேள்வி: எந்த மெமரி கார்டு?
– வாசகி, தாணே

பதில்: வி30 என்ற வேகக் குறி அச்சிட்ட 64 ஜிபி, இரண்டு. 128 ஒன்றைவிட 64 இரண்டு மேல், ஒன்று கெட்டாலும் பாதி மிஞ்சும். 4கே வீடியோ நொடிக்கு 100 மெகாபிட் என்றால் மணிக்கு 45 ஜிபி, ஒரு கார்டில் ஏறக்குறைய ஒரு மணி இருபத்தைந்து நிமிடம். ஃபுட்பாத்தில் வாங்கிய கார்டை நம்பாதீர்கள். 64 என்று காட்டும், எட்டு ஜிபிக்கு மேல் எழுதியதெல்லாம் காணாமல் போகும். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளில் கார்டு முழுக்க எழுதிப் படித்துப் பார்த்துவிட்டு, பிறகு கேமராவிலேயே ஃபார்மட் செய்யுங்கள், கம்ப்யூட்டரில் அல்ல.